பூச்சட்டி ஓட்டில் எழுதிய பெயர்கள்

ஹைம் என்ற எங்கள் அகதி விடுதியில் பதினொரு குடும்பங்கள், ஒரே ஒரு அடுப்பு. 1986 கார்த்திகையில் பொறுப்பாளர் ஹெர் கிறவுசே அறிவித்தார்: இடநெருக்கடியை முன்னிட்டு ஒரு குடும்பம் வேறிடம் மாற்றப்படும், யாரென்பதை நீங்களே ஜனநாயக முறைப்படி தீர்மானித்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தையோடு முன்பின் தெரியாத இடத்துக்குப் போக ஏலாது. கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் படித்த கிரேக்க வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன்.

"ஏதென்ஸிலை சனமெல்லாம் கூடி, உடைஞ்ச சட்டி ஓட்டிலை ஒராளின்ரை பேரை எழுதுமாம். ஆகக்கூட ஓடு விழுந்தவர் பத்து வருசம் ஊரைவிட்டுப் போகவேணும்."

என் மனதில் இருந்தது யோகலிங்கம் அண்ணை. நாள் முழுக்க அடுப்பைப் பிடித்துவைத்துக் கருவாடு பொரிப்பவர்.

"நல்ல முறை தங்கச்சி," என்றார் அவர். "அங்கை பொம்பிளையளும் எழுதினவையோ?"

பொய் சொன்னால் பாவம். "இல்லை அண்ணை."

ஹெர் கிறவுசே தன் பூச்சட்டியையே உடைத்துத் தந்தார். ஆண்கள் எழுதினார்கள். பத்து ஓடுகளில் என் கணவர் அலோசியஸின் பெயர். பிள்ளை இரவில் அழுகிறதாம். பதினோராவதில் யோகலிங்கம்; அதை எழுதியது என் கணவர்.

அழுதுகொண்டு போனோம். போன இடத்தில் தனிச் சமையலறை, சுடுதண்ணீர், குளியல்தொட்டி. பார்க்க வந்த யோகலிங்கம் அண்ணை தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கே தங்கச்சி அழுதனி?"

அடுத்த மாதம் இன்னொரு குடும்பத்தை மாற்ற வேண்டிவந்தது. பத்து ஓடுகள், பத்துப் பெயர்கள். அவரவர் தத்தம் பெயரையே எழுதியிருந்தார்கள்.

இப்படியான சமநிலைக்கு விதி எதுவும் இல்லாதபடியால் ஹெர் கிறவுசே ஓடுகளை மேலிடத்துக்குச் சமர்ப்பித்தார். மேலிடம் விளக்கம் கேட்க, இங்கிலிசு தெரிந்த என்னை அழைத்தது.

"ஓட்டில் பெயர் உள்ளவர் என்ன செய்யவேண்டும்?"

"வெளியே போகவேண்டும், ஐயா."

"எழுதியது யார்?"

"அவரவர்தான்."

"வற்புறுத்தல் ஏதும்?"

"இல்லை."

அதிகாரி திருப்தியோடு எழுதினார்: பத்துக் குடும்பங்கள் தாயகம் திரும்பச் சுயவிருப்பம் தெரிவித்துள்ளன.

"ஐயா, அவர்கள் கேட்டது குளியல்தொட்டி."

"ஓட்டில் தொட்டியைப் பற்றி ஒன்றும் இல்லையே." கோப்பைப் புரட்டினார். "முதலில் போன குடும்பம் நீங்கள்தானே?"

"எங்கள் பெயரை நாங்கள் எழுதவில்லை, ஐயா."

"பெரும்பான்மை எழுதியிருக்கிறது," என்று பட்டியலின் தலையில் எங்களைச் சேர்த்தார்.

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நன்றி ஐயா," என்றேன்.