காரணம் தெரியாத கணையக்காரர்

ஊருக்கு ஒரு கணையக்காரராவது இருப்பார். உங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், ஃபைலோடு அவரே தேடி வருவார்.

கணையம் உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, செரிமானத்துக்கு வேண்டியதைச் சுரந்துகொண்டு, யார் வம்புக்கும் போகாமல் கிடக்கிற சாதுவான உறுப்பு. நமக்குக் கணையம் இருக்கிறது, அவ்வளவுதான். கணையக்காரர் விஷயம் வேறு. அவர் கணையத்துக்கு அவர் இருக்கிறார்.

நான் சொல்லும் ஆள் கட்டட வரைபட அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர். ஒருநாள் ஏதோ பொதுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். லைபேஸ் என்று ஒரு கணைய நொதி, ரத்தத்தில் அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்று அந்தத் தாளில் அச்சிட்டிருந்தது. இவருக்கு எழுபத்தொன்று. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மறுபடி ரத்தம், அறுபத்தெட்டு. மறுபடியும், எழுபத்து மூன்று. கூடவே கொஞ்சம் வயிற்று உப்பசம், சாப்பிட்டால் ஏப்பம். “காரணம் தெரியல சார். சில பேருக்கு இப்படிக் கொஞ்சம் கூடுதலாவே இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் டாக்டர். மூன்று வாக்கியம் சொன்னாரா? முதல் வாக்கியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் நம்மவர்.

அன்றிலிருந்து ‘காரணம் தெரியவில்லை’ என்பது அவர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டம் ஆகிவிட்டது. யாராவது பேச்சுக்கு “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் தீர்ந்தார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபைலைப் பிரித்து, போன வருடத்து ரத்தத்திலிருந்து ஆரம்பித்து, கேட்டவரின் காபி ஆறி, கேட்டவரின் வேலை கெட்டு, கேட்டவருக்கே வயிறு ஒரு மாதிரி ஆகும்வரை விடமாட்டார். தொழிலாளி கை சும்மா இருக்குமா? பெரிய தாளில் வரைபடமே போட்டுவிட்டார். லைபேஸ் நீலம், அமைலேஸ் என்கிற இன்னொரு கணைய நொதி சிவப்பு, ஏப்பங்களுக்குப் பச்சைப் புள்ளி. ஒரு நாள் வீட்டு வரைபடம் பார்க்க வந்தவர் முன்னால் தாள் மாறி இதை விரித்துவிட்டார். வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவலையோடு கேட்டார்: “மாடிப்படி ஏன் சார் இவ்வளவு செங்குத்தா இருக்கு?”

இந்த இனத்தின் முக்கியமான குணம் ஒன்று உண்டு. தன் வயிற்றில் மட்டும்தான் நோய், மற்றவர் வயிற்றில் இருப்பதெல்லாம் கேஸ். மேலாளருக்கு நெஞ்செரிச்சலா? கேஸ். வாட்ச்மேனுக்கு வயிற்று வலியா? கேஸ். எழுபத்தொன்று இல்லாதவனுக்கெல்லாம் வலிக்க என்ன தகுதி இருக்கிறது?

சாப்பிடுவதையும் அதன் பின்விளைவுகளையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் ஒரு டாக்டர். எழுதுவது அவர் மனைவி. ஒரு விடுமுறை நாளில் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன். இவர் மென்றுகொண்டே சொல்லுவார். அண்ணி பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். அண்ணியின் தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

“எழுது. ஒண்ணு பத்துக்கு நாலு வாய் சோறு, அரை வெள்ளரிக்காய். ஒண்ணு இருபதுக்கு ஏப்பம். நடுத்தரம்.”

“என்னங்க, எனக்கும் சாப்பிட்டா மேல் வயித்தைப் பிடிச்சு இழுக்குதுங்க. முதுகு வரைக்கும் போகுது.”

“கேஸ். ஏப்பம் எத்தனைன்னு போட்டியா?”

நானும் அங்கேதான் இருந்தேன். என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீதி அரை வெள்ளரிக்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு நாலாவது டாக்டர். வரைபடத்தைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார். ஃபைலும் நோட்டும் சுமக்க அண்ணி. காத்திருந்த நேரமெல்லாம் அண்ணி குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். நாற்காலி சரியில்லை போலிருக்கிறது என்று நாங்கள் இரண்டு அறிவாளிகளும் முடிவு செய்துகொண்டோம்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துச் சுருட்டி வைத்தார். நோட்டை எடுத்தார், அது தலைகீழாக இருந்ததால் கடைசிப் பக்கம்தான் முதலில் திறந்தது. படித்தார். அடுத்த பக்கமும் படித்தார். முகம் மாறியது.

“சாப்பிட்ட அரை மணியில வலி. வாந்தி ரெண்டு தடவை. எடை நாலு கிலோ குறைஞ்சிருக்கு.” நிமிர்ந்து, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்த நம்மவரை மேலும் கீழும் பார்த்தார். “சார், உங்களுக்கு வளையல் கழண்டு விழுதா?”

நம்மவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். சத்தியமாகப் பார்த்துக்கொண்டார்.

“அது வந்து… கடைசிப் பக்கமெல்லாம் சும்மாதானே கிடக்குன்னு நான்தான் டாக்டர்…” அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல.

பதினோரு வாரமாக அண்ணி தன் வலியை அங்கே எழுதி வந்திருக்கிறார்! ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிய நோட்டை இந்த மனிதர் ஒரு தடவைகூடப் பின்பக்கமாகத் திருப்பவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல் குழாயில் போய் அடைத்துக்கொண்டு, கணையம் வீங்கிக் கிடந்தது. லைபேஸ் தொள்ளாயிரத்து நாற்பது.

“தொள்ளாயிரத்து நாப்பதா? இவளுக்கா?” என்றார் கணையக்காரர். அந்தக் குரலில் அதிர்ச்சி இருந்தது, பயம் இருந்தது, அழுகைகூட இருந்தது. ஆனாலும் எங்கோ அடியில் ஒரு துளி பொறாமை கேட்டது என்று நான் அடித்துச் சொல்வேன்.

“இன்னும் நாலு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்” என்றார் டாக்டரம்மா. அண்ணியை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். நம்மவர் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அன்று முழுக்க ஏப்பமே விடவில்லை. அல்லது விட்டும் எழுத ஆளில்லை.

கல்லை எடுத்தாயிற்று, அண்ணி பிழைத்துவிட்டார். வளையல் பழையபடி கையில் நிற்கிறது. நம்மவர் திருந்தினாரா? திருந்தாமல் என்ன? இப்போது அண்ணிக்கு ஒரு வரைபடம் போடுகிறார், ஐந்து நிறத்தில்.

அதை விடுங்கள். கணையம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அப்போது உங்கள் கை எங்கே போயிற்று? எனக்குத் தெரியும். என் கையும் எழுதும்போது அங்கேதான் போயிற்று. எனக்கும் அறுபத்திரண்டு வந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை. அதைப் பற்றி நேரில் விரிவாகச் சொல்கிறேன். இப்போது கையை எடுத்துவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்களே, “இதோ வர்றேன்” என்றீர்களே, என்ன விஷயமாம்?