ஆரியசாலை கிருமி மேடம்

திருவனந்தபுரத்தில் கிருமி மேடத்திடம் திட்டு வாங்காத உயிர் ஒன்று உண்டென்றால், அது அவர் தொட்டியில் வளர்த்த பாக்டீரியா மட்டும்தான். பேங்க் மேனேஜர், முனிசிபாலிட்டிக்காரர், சாலைக் கடைத்தெரு ஜூஸ் கடைக்காரர்கள் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். அவருக்குக் கணக்கெழுதிய நான் சம்பளத்தோடு சேர்த்து மாதாமாதம் வாங்கினேன்.

ஆரியசாலையில் முன்பு கொப்பரை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கிதான் எங்கள் கம்பெனி. பருத்தி நூலுக்குச் சாயமேற்றுமுன் அதிலுள்ள மெழுகையும் பிசுக்கையும் எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைப்பது வழக்கம். பிறகு காரம் போக அலசு அலசென்று அலசி, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடுவார்கள். மேடத்தின் பாக்டீரியா ஜூஸ் கடை ஆரஞ்சுத் தோலைத் தின்று ஒரு நொதியைக் கொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து நூலை ஊறவைத்தால் பிசுக்கு கழன்றுவிடும். காஸ்டிக் வேண்டாம், அத்தனை தண்ணீரும் வேண்டாம்.

ஒருநாள் முக்கு டீக்கடை நாயர், "மேடம், கிருமிக்கெல்லாம் சுகம்தன்னே?" என்று மரியாதையாகத்தான் விசாரித்தார்.

"கிருமியா? உம்ம கடை தோசை மாவைப் புளிக்க வெக்கறது யாரு, நீரா? தயிரை உறைய வெக்கறது யாரு? உம்ம வயித்துக்குள்ள உக்காந்துண்டு வேலை பாக்கறது யாரு?"

நாயர் ஆற்றிக்கொண்டிருந்த டீ ஆறி அவலாகும்வரை மேடம் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலமே 'கிருமி மேடம்' என்ற பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

இன்னொரு நாள் கரண்ட் போனது. தொட்டிக்குக் காற்று செலுத்தும் மோட்டார் நின்றது. மேடம் எங்கெங்கோ போன் போட்டுக் கத்தினார். "இங்க கோடிக்கணக்கானவா மூச்சு முட்டிச் செத்துண்டிருக்கா. நீங்க என்ன பண்றேள்?"

கொஞ்ச நேரத்தில் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. பின்னாலேயே ஆம்புலன்ஸ்.

"ஆளுகள் எவிடெ?" என்றார் அதிகாரி. மேடம் தொட்டியைக் காட்டினார். எட்டிப் பார்த்த அதிகாரியின் முகம் சிவந்தது. மேடத்தின் முகம் அதைவிடச் சிவந்தது.

"மனுஷன் செத்தாத்தான் வருவேளா? இதுகள் செத்தா நாளைக்கு வாய்க்கால் சாகும். பின்னே நீரும் நானும் எங்க போறது?"

கடைசியில் அந்த அதிகாரியே போன் பண்ணிக் கரண்டை வரவழைத்தார். அங்கிருந்து தப்பிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை முதலாளிதான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். குவியல் குவியலாக வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர். ஆனால் எங்களிடம் வாங்கும் நொதிக் கேன்களின் எண்ணிக்கை மட்டும் ஏறவேயில்லை. "இவ்வளவு நூலுக்கு இது எப்படிப் போறும்?" என்று மேடத்துக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினார்.

முன்பக்கம் ஒரே ஒரு தொட்டி. மேலே பச்சை இலை வரைந்து, 'காஸ்டிக் இல்லாத நூல்' என்று எழுதிய பலகை. பின்பக்கம் போனால் காஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. குழாய் நேரே வாய்க்காலுக்குள் போனது. நூல் அலசிக்கொண்டிருந்த பெண்களின் விரல்களில் தோலில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருத்தி சொன்னாள்: "வெள்ளைக்காரங்க பாக்க வார அன்னைக்கு மட்டும் முன்னால உங்க மருந்த ஊத்துவாவ. அன்னைக்கு எங்களையும் அங்கதான் நிறுத்துவாவ. கை எரியாதும்மா."

முதலாளி வந்தார். பதற்றமே இல்லை. "மேடம், பிசினஸ் அல்லே? உங்களுக்கும் ஆர்டர், எனக்கும் ஆர்டர். சும்மா விடுங்க."

மேடம் அன்று கத்தவில்லை. நான் பார்த்து அவர் கத்தாத ஒரே நாள் அதுதான்.

"என் சரக்கை உம்ம பொய்க்கு முகமூடியாக் குடுக்க மாட்டேன். சங்கரலிங்கம், கேனையெல்லாம் ஆட்டோவில ஏத்துங்கோ."

ஏற்றினேன். திருடியவன் கேட்டில் சாய்ந்து பல் குத்திக்கொண்டு நிற்கிறான், திருடாத நாங்கள் திருடர்கள் மாதிரி கேன் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இது என்ன நியாயம்? புகார் கொடுத்தோம். யாரோ ஓர் அதிகாரி வந்து முன்தொட்டியை மட்டும் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார். இலை போட்ட பலகை இன்றைக்கும் அங்கே தொங்குகிறது.

கம்பெனி பாதியாகச் சுருங்கியது. நெசவாளர் சங்கம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நொதி வாங்கப் போய்த்தான் மூடாமல் பிழைத்தது. எனக்கு நாகர்கோவிலில் வேறு வேலை பார்த்துக் கொடுத்ததும் மேடம்தான். "ரெண்டு பொண்ணை வெச்சுண்டு இங்க உக்காந்திருந்தா ஆச்சா?" என்று திட்டித்தான் அனுப்பினார்.

போன மாதம் போனில் பேசினார். குரல் தணிந்திருந்தது. எதிர்த்துக்கூடப் பேசவில்லை, நான் சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்றார். மேடம் திட்டாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன்.

வெறும் ஜலதோஷம். வாசலில் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "தும்மினதுக்கா லீவு போட்டுண்டு வந்தேள்? பொறுப்புள்ள அக்கவுண்டன்ட் பண்ற காரியமா இது?"

பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.