எல்லாருக்கும் கேட்ட கஷாயம்

"குடிச்சாச்சா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினாள் குய்ஜி.

"ஆச்சு, ஆச்சு!" கோப்பையைக் கழிப்பறையில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார் அவள் கணவர் ஷோஷான்.

"அரிப்பு?"

"பாதியா குறைஞ்சிருக்கு."

சொல்லும்போதே முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லோயாங் டிராக்டர் தொழிற்சாலையில் முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர். சிறுநீரகம் போனதுகூட அவரை அழவைக்கவில்லை. டயாலிசிஸோடு வந்த இந்த அரிப்பு அழவைத்தது. சிறுநீர் பிரியாததால் ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் கணக்கு. அதில் ஒன்றை, பாகற்காயே வெட்கப்படும் இந்தக் கஷாயத்துக்கு விட்டுக்கொடுப்பதா? நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, மருத்துவமனையின் சீன வைத்தியர் எழுதிக்கொடுத்தது. குய்ஜி விடியுமுன் எழுந்து மண்சட்டியில் காய்ச்சினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்தப் பொய்தான் வினையானது. குய்ஜி டயாலிசிஸ் கூடத்துக்கே வந்து, கட்டில் கட்டிலாக நின்று கஷாயத்தின் பெருமையைச் சொன்னாள். ஒரே வாரத்தில் கூடமே அந்த வைத்தியரிடம் போய் நாக்கை நீட்டியது.

"ரெண்டே நாள்ல கேட்டுருச்சும்மா!" என்றார் வாத்தியார் திங்.

"நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்," என்றாள் பக்கத்துக் கட்டில் ஹோ அக்கா.

ஷோஷான் தன் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக நல்ல மருந்தைச் சாக்கடைக்கா வார்த்தோம்!

அன்றே குடிக்க ஆரம்பித்தார். அரிப்பு அசையவில்லை. போதவில்லையோ என்று இரண்டு கோப்பை கேட்டார். குய்ஜி பூரித்துப்போய் மூன்றாக வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தராசில் ஏறியவரைப் பார்த்துச் செவிலி கத்தினாள்: "நாலு கிலோ ஏறியிருக்கு! குளத்தையே குடிச்சீங்களா மாமா?"

அவ்வளவு நீரையும் இயந்திரம் உறிஞ்சியபோது கெண்டைக்கால் தசை சுண்டி இழுத்தது. முதுகிலோ அரிப்பு. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, சொறியவும் வழியில்லை. ஊருக்கெல்லாம் கேட்ட மருந்து தனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், இந்த உடம்பு இனி எதற்கும் தேறாது. குய்ஜியிடம் இதை எப்படிச் சொல்வது? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"என்ன தம்பி, அழறியா?" என்றாள் ஹோ அக்கா.

"எனக்கு மட்டும் ஏன் கேக்கலக்கா? ஒரு வாரமா ஒரு சொட்டு விடாம குடிக்கிறேன்."

ஹோ அக்கா வாசலில் குய்ஜி நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அட பைத்தியமே, நிஜமாவே குடிச்சியா? எப்படியிருக்குன்னு நம்மளக் கேக்க வர்ற ஒரே ஆளு உன் பொண்டாட்டி, அவ மனசு நோகக் கூடாதேன்னு சொன்னோம். நாங்க ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கல!"