மூஸ்டெயில் டாட் காம்

எங்கள் வெப்சைட்டுக்கு என் குடும்பப் பெயரைத்தான் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆண்பிள்ளை முடிவு. வோய்ச்சிஹோவ்ஸ்கி டாட் காம்!

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் கீச்சிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்த காலம் அது. அந்தச் சத்தத்தை நினைத்தாலே இன்றும் எங்கள் சமையலறையின் காபி வாசனை வருகிறது. மிச்சிகனின் வடகோடியில், மூஸ்டெயில் ஏரிக்கரையில், நானும் என் மனைவி டோலோரஸும் மீன்பிடிக்க வருபவர்களுக்கு மரக்குடில்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். எதிர்க்கரையில் பெரிய விடுதி வந்தபின் பாதிக் குடில்கள் காலி. இனி இணையம்தான் கதி.

"உன் பேரை எவன் தேடுவான், நார்பர்ட்?"

"நாலு தலைமுறைப் பேருடி!"

"சரி, நீயே அடிச்சுக் காட்டு."

ஒற்றை விரலால் அடித்தேன். ஓர் எழுத்து குறைந்தது. மறுபடி அடித்தேன். ஒன்று கூடியது. டோலோரஸ் காபியை உறிஞ்சினாள். அந்த உறிஞ்சல் இருக்கிறதே, அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

"ஜனங்க எதைத் தேடுவாங்களோ அதையே பேரா வை. மூஸ்டெயில் ஃபிஷிங் டாட் காம்."

"மீன் நாத்தம் அடிக்குது. வேணாம்."

அதன் பிறகு அவள் வாதாடவில்லை. துணி மடிக்கும்போது மட்டும் பாட்டு மாதிரி அந்தப் பெயரையே முணுமுணுப்பாள். நான் காதில் வாங்கவே இல்லை.

ஒருநாள் உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். மின்னல் மாதிரி எனக்கொரு பெயர் உதித்தது. மூஸ்டெயில் ஃபிஷிங்! என்ன மூளை எனக்கு! தூண்டிலைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரில் தேடினேன். யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள்.

"டோலோரஸ்! எவனோ திருடன் முந்திக்கிட்டான்! என் மூளையில உதிச்ச பேரு!"

"அடப்பாவமே. கெஞ்சிக் கேட்டா குடுத்துடுவான். பதிலுக்கு நீ என்ன செய்வே?"

"எது சொன்னாலும் செய்யறேன்!"

"பேச்சு மாற மாட்டியே?"

"வோய்ச்சிஹோவ்ஸ்கி பரம்பரைடி!"

அவள் தன் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"போன வாரமே நான் வாங்கிட்டேன். இனிமே பாத்திரம் நீ கழுவு."

அந்தக் கோடையில் குடில்கள் நிரம்பி வழிந்தன. வந்திறங்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் டோலோரஸ் என்னைக் காட்டிச் சொல்வாள்: "வெப்சைட் பேரு இவர் யோசிச்சதுதான்."

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன், சோப்பு நுரை சொட்டச் சொட்ட.