எட்டே முக்கால் இஞ்சு

மூன்று வருடமாக ஒரு மிஷினுக்காகக் காத்திருக்கும் மனைவியை ஒரே பொய்யில் சாய்த்துவிடுவது என்று மாசிலாமணி தீர்மானித்தது, திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை வரத்து குறைந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமையில். வரத்து அதிகமாக இருந்திருந்தால் யோசிக்க நேரம் கிடைத்திருக்காது. மனிதரும் தப்பித்திருப்பார்.

மண்டியில் அவருக்கு மல்லாட்டை தரம் பார்க்கும் வேலை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வேர்க்கடலையை அள்ளுவார். உள்ளங்கையில் ஆட்டிக் கனம் பார்ப்பார். "முத்துனது" என்பார், அல்லது "சோடை" என்பார். இருபது வருடத்தில் அவர் கை தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவரை ஒரு கம்ப்யூட்டர் தோற்கடித்துக்கொண்டிருந்தது. மகள் ஷாலினி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. அதற்குள் ஒரு கார் ரேஸ் இருந்தது.

வாழ்க்கையில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாத மாசிலாமணி, அந்தச் சிவப்புக் காரோடு மலைப்பாதையில் இறங்கிவிட்டால் மனைவி அம்சா சோற்றுக்குக் கூப்பிடுவது காதில் ஏறாது. ஒரே ஒரு குறைதான். வளைவு வந்தால் கார் திக்கியது. திக்கித் திக்கி நின்று, மறுபடி படம் நகரும்போது பள்ளத்தில் கிடந்தது. மண்டியில் கூட வேலை பார்க்கும் துரைக்கண்ணுவின் வீட்டில் அதே கார் வழுக்கிக்கொண்டு ஓடியதாம். அவர் அதைத் தினமும் சொல்லிக்காட்டினார்.

"கிராபிக்ஸ் கார்டு போடு மாசிலா. இல்லாங்காட்டி உன் காரு கட்டை வண்டிதான்."

தீபாவளி போனஸ் எட்டாயிரம் கையில் இருந்தது. அம்சா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். துணியின் ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்றுதான் அவள் கேட்டது. அது இல்லாமல், தைத்த ஜாக்கெட்டையெல்லாம் பையில் திணித்து மார்க்கெட் தெரு வரை தூக்கிப்போய், காசு கொடுத்து ஓரம் அடித்துக்கொண்டு வருவாள். மாசிலாமணிக்கு அது நன்றாகத் தெரியும். நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்திய நெஞ்சோடு ஆரம்பித்தார்.

"அம்சா, நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு போட்டா ஜாக்கெட்டு டிசைனெல்லாம் பளிச்சுனு தெரியுமாம்."

"இப்ப தெரியலையா?"

"தெரியுது. ஆனா கலரு மாறித் தெரியுது. அரக்கு கேட்டா மெரூனக் காட்டுது. நாளைக்கு எவளாவது சண்டைக்கு வந்தா பேஜாரு."

"அட, ஆமாங்க."

"உன் தொழிலுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா?"

"பின்ன? எனக்கு இன்னா அதுல வேலை?"

அம்சா ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"எவ்ளோங்க ஆவும்?"

"எட்டாயிரம்."

"சரிங்க. ஞாயித்துக்கெழம விழுப்புரம் போயி வாங்கிக்கினு வந்துடலாம். நானும் வர்றேன்."

சண்டை வரும் என்று பதினோரு பதில்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றுகூடச் செலவாகவில்லை. அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் அதற்குள் மூன்றாவது கியருக்குப் போய்விட்டார்.

விழுப்புரத்தில் சக்கரபாணியின் கம்ப்யூட்டர் கடையில் தீபாவளிக் கூட்டம். சக்கரபாணி இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார்.

"இது சின்னது. ஒரு ஃபேனு. மூவாயிரத்தி ஐநூறு. இது பெருசு. ரெண்டு ஃபேனு. எட்டாயிரம்."

மாசிலாமணி இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"இது சோடை" என்று சின்னதைக் கீழே வைத்தார். "இதாங்க முத்துனது. கனம் சொல்லுது பாருங்க."

கார்டை இப்படி ஒருவர் வாங்கிச் சக்கரபாணி பார்த்ததில்லை. இருந்தாலும் எட்டாயிரம் ஆயிற்றே.

"சாருக்கு நல்ல அனுபவம்" என்றார்.

அம்சா கைப்பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தாள்.

"அண்ணே, அந்தப் பெருச இப்படிக் குடுங்க." வைத்து அளந்தாள். "ஒம்பதர இஞ்சு. எங்க பொட்டிக்குள்ளாற எடம் எட்டே முக்கால்தான். இது எப்படிப் போவும்?"

மாசிலாமணி டேப்பை எட்டிப் பார்த்தார். "நீ எப்ப அளந்த?"

"நீங்க மண்டிக்குப் போனப்பதான். அளவெடுக்காம நான் எதங்க வெட்டியிருக்கேன்?" கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இதுக்குக் கரண்டு சப்ளை எத்தினி வாட்டு வேணும்?"

"நானூறு இருக்கணும்கா."

"எங்குளுது எரநூத்தம்பது. அதையும் மாத்தணும், பொட்டியையும் மாத்தணும். எட்டாயிரம் எட்டாயிரத்துல நிக்காதுபோல."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"ஷாலினிக்குப் போன் போட்டேங்க. அவதான் டார்ச்சு அடிச்சி அளக்கச் சொன்னா."

"வேற இன்னா சொன்னா?"

"வேற இன்னா சொல்லுவா?" அம்சாவின் முகம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. "அண்ணே, ஜாக்கெட்டு டிசைன் பாக்க சின்னது போதுமா?"

"தாராளமா போதும்கா. பெருசெல்லாம் கேம் ஆடறவங்களுக்கு. சாரு கேம் ஆடுவாரா?"

"அவரா? அவருக்கு இன்னா அதுல வேலை?"

மாசிலாமணி கூரையைப் பார்த்தார். போதாது என்று வாய் திறந்தால் சிவப்புக் கார் வெளியே வந்துவிடும். மூடினால் மிச்சம் நாலாயிரத்து ஐநூறு அம்சா கைக்குப் போய்விடும். மூடிக்கொண்டார்.

அது போவதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. அதே தெருவில் நாலு கடை தள்ளி ஒரு தையல்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவருடைய பழைய ஓவர்லாக் மிஷினுக்கு அம்சா போன வாரமே போனில் விலை பேசி வைத்திருந்தாள். விலை நாலாயிரத்து ஐநூறு. திண்டிவனம் பஸ்ஸில் அந்த மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் மாசிலாமணி. கனம் நன்றாகவே சொல்லியது.

சின்னக் கார்டு பெட்டிக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அன்று ஒரே ஒரு ரவுண்டு ஓட்டினார். கார் வளைவில் திக்காமல் போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சோடை என்று சொன்ன வாயைத் தானே கிள்ளிக்கொண்டார்.

மறுநாள் கம்ப்யூட்டர் தையல் அறைக்கு இடம் மாறியது. கலர் பளிச்சென்று தெரிகிறது என்ற செய்தி தெருவெல்லாம் பரவி, காலையிலிருந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதுகுப் பக்கம் கிளி வைத்த டிசைன், ஜன்னல் வைத்த டிசைன். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாற்பது ஜாக்கெட் சேர்ந்துவிட்டது. மாசிலாமணி தினமும் மண்டியிலிருந்து ஓடி வந்து, வாசற்படியில் நின்று, நாற்காலி காலியாகுமா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, சும்மா நிக்கிறதுக்கு இங்க வந்து குந்துங்க" என்று அம்சா ஓவர்லாக் மிஷின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இது எனக்குத் தெரியாது அம்சா."

"மோட்டாரு இருக்கு. மிதிக்கப் பெடலு இருக்கு. முன்னால லைட்டு எரியுது. கார்டு கேட்டதே காரு ஓட்டத்தான்னு ஷாலினி அன்னிக்கே சொல்லிட்டா. ஓட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். கையில் ஒரு ஜாக்கெட் வந்து விழுந்தது. சிவப்பு.

"கை வளைவுல மட்டும் மெதுவா போங்க. அது எதிர்வூட்டு அம்மணி அக்காளுது."

மாசிலாமணி பெடலை மிதித்தார். வளைவு வந்தது. வண்டி ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை.