சாட்டிலைட் அக்கா தேடிய டப்பா

வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளை யார் யாரோ எதற்கெதற்கோ பயன்படுத்துகிறார்கள். ஒருவன் மழை வருமா என்று பார்க்கிறான். ஒருவன் மீன் எங்கே என்று பார்க்கிறான். ஒருவன் அடுத்த நாட்டுக்காரனை எட்டிப் பார்க்கிறான். ஆனால், காட்டுக்குள் கிடக்கும் பழைய டப்பாக்களைத் தேடத்தான் அவை மேலே ஏவப்பட்டன என்று முழுமனதாக நம்பும் ஒரே ஜீவன், நாகர்கோவிலில் எங்கள் எதிர்வீட்டு சாட்டிலைட் அக்காதான்.

அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கூரியர் பையன்கூட “சாட்டிலைட் வீடு எதுவாக்கும்?” என்றுதான் கேட்பான். குவைத்தில் நர்சாக வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து கம்பளியும் செண்டும் தைலமும் கொண்டுவந்தார்கள். அக்கா இந்த வியாதியைக் கொண்டுவந்தார்.

வியாதியின் பெயர் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாத இன்னொருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறிப் போய் அதைக் கண்டுபிடிப்பார். உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதுவார். டப்பாவில் கிடக்கும் சாவிக்கொத்து, பொம்மை மாதிரி ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. “கிடைத்தால் டப்பா நமக்கா?” என்று ஆரம்பத்தில் நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

நான் மாட்டிக்கொண்டது என் ஜெராக்ஸ் கடையில். வரைபடம் ஒன்றைப் பிரதி எடுக்க வந்தவர், தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி நாடி பிடித்தார்.

“மக்கா, உனக்க வயசு என்ன?”

சொன்னேன்.

“உனக்க நாடிக்கு அதைவிட வயசு கூட. ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்ச ஒடனே கார்ல ஏறு.”

நர்சுகள் சொன்னால் எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஊசி நினைவு வந்துவிடும். ஏறினேன். கார் ஓட்டுவது அக்காவின் கணவர். அவரை எல்லோரும் அண்ணன் என்போம். மலை அடிவாரம்வரை காரைக் கொண்டுபோய் நிறுத்துவார். பிறகு சீட்டைச் சாய்த்து, நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்து, பேப்பர் படிக்கத் தொடங்குவார். நாங்கள் திரும்பி வரும்வரை காரைவிட்டு இறங்கமாட்டார். இல்லறத்தில் இவ்வளவு தெளிவுள்ள ஆளை நான் பார்த்ததில்லை.

முதல் பயணம் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட். டப்பாவை ஒளித்தவர் ஏதோ தூரதேசத்துப் பயணி. ரப்பர் மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டும். அவர் கொடுத்திருந்த துப்பு இதுதான்: ‘மரத்தில் தொங்கும் கிண்ணத்தில் பார்.’

எஸ்டேட்டுக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு கிண்ணம்.

“அக்கா, திரும்பிருவோமா?”

“நீ அந்த வரிசை. நான் இந்த வரிசை.”

நூற்றுக்கணக்கான கிண்ணங்களைத் தடவிப் பார்த்திருப்போம். விரலெல்லாம் ரப்பர். பால் எடுத்த பிறகு கிண்ணத்தில் உறைந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்பார்கள். அதற்கும் விலை உண்டு, ஆகவே அதற்கென்று திருடர்களும் உண்டு. இந்த விவரம் எனக்கு ஞாபகம் வந்தபோது, வாட்ச்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

“ஒட்டுப்பாலு களவாங்க வந்தியளா? கண்ணாடியும் போட்டுக்கிட்டு வந்திருக்கானே, லேய்!”

அக்கா அசரவில்லை. வாட்ச்மேனின் முகத்தையும் காலையும் உற்றுப் பார்த்தார்.

“காலு எப்பம் இருந்து வீங்கி இருக்கு? பிரஷர் மாத்திரை ஒழுங்கா திங்கியளா?”

வாட்ச்மேனின் கை என் காலரிலிருந்து தளர்ந்தது. அடுத்த நிமிடம் அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். பார்த்து முடித்த பிறகு நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னார். வாட்ச்மேனின் கை தன் மடிக்குப் போனது.

“பச்சை மூடி போட்ட குட்டி டப்பியா எக்கா? உள்ள ஒரு தாளு சுருட்டி வச்சிருந்துதா?”

“ஆமா! எங்க பாத்திய?”

அவர் வெட்கத்தோடு மடியை அவிழ்த்து எடுத்து நீட்டினார். உள்ளே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நிறைத்து வைத்திருந்தார். மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று டப்பியின் தரத்துக்குச் சான்றிதழும் கொடுத்தார். அக்கா அதைக் கழுவி, புதிய தாளில் பெயரெழுதிப் போட்டு, வாட்ச்மேனையும் எழுதவைத்து, அவர் அதை எடுத்த மரத்திலேயே கட்டினார். சுண்ணாம்புக்கு அடுத்த வாரம் வேறு டப்பி வாங்கிக் கொடுத்தார்.

தேடுவது போதாதென்று அக்கா ஒளிக்கவும் செய்தார். தோவாளைக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் மேல் ஒரு பாறை இடுக்கில் எவர்சில்வர் டப்பாவை வைத்து, உள்ளே கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, குட்டி பொம்மை எல்லாம் போட்டுவிட்டு வந்தார். சில மாதம் கழித்து டப்பா நலமா என்று பார்க்கப் போனோம். டப்பா மிகவும் நலமாக இருந்தது. அதற்குச் சிவப்புப் பட்டு கட்டியிருந்தார்கள். சந்தனம், குங்குமம், அரளி மாலை, எலுமிச்சம்பழம். வளையலைக் காணவில்லை, பதிலுக்குப் பத்து வளையல் இருந்தது.

அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த பூக்காரர் பரவசமாகச் சொன்னார்: “வளையல்காரி அம்மையாக்கும். எங்க மாடு காணாமப் போயி, இங்க வந்து வேண்டிட்டுத் திரும்புனா, பாறைக்குப் பின்னால நிக்கு!”

நான் அக்காவின் காதில், “இப்பம் என்ன செய்ய?” என்றேன்.

“என்ன செய்ய? ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும். நம்ம ரூலை நம்மளவிட ஒழுங்கா நடத்துதாவ. அது இனி அம்மனுக்க டப்பா.” அன்றைக்கே இணைய வரைபடத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்.

ஆனால் ஊர் வாயை எந்த வரைபடத்திலிருந்து எடுக்க? அக்கா மாதாமாதம் மலைக்கு விளக்கேற்றப் போகிறாள் என்று சபையில் பேச்சு கிளம்பியது. போதகர் ஒரு மாலை வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, வானிலை பேசி, மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

“ஐயா, நான் சொன்னா நம்பாண்டாம்,” என்றார் அக்கா. “ஒருக்கா கூட வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

பாவம், வந்தார். திரும்பும்போது இரண்டு கணுக்காலிலும் அட்டை. அடுத்த ஞாயிறு, தேடுகிறவர்களைக் குறித்து ஒரு நீண்ட பிரசங்கம் செய்தார். அதில் அட்டை இரண்டு தடவை வந்தது. அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

போதகரைக் கூட்டிக்கொண்டு போனது லில்லியின் டப்பாவைத் தேடி. அக்கா தேடிய மற்ற டப்பாக்கள் எல்லாம் விளையாட்டு. லில்லியின் டப்பா மானப் பிரச்சினை.

லில்லி பத்தனம்திட்டாக்காரர். குவைத்தில் நர்சுகள் விடுதியில் அக்காவோடு ஒரே அறையில் பல வருடம் இருந்தவர். லீவு நாளில் பாலைவனத்தில் டப்பா தேடப் பழகியது இருவரும் சேர்ந்துதான். ஓய்வுபெற்றதும், நியூசிலாந்தில் மகன் வீட்டுக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு வாரம் தங்கினார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு நாள், கீரிப்பாறை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அண்ணனின் காரில் அந்தப் பக்கம் போய், எஸ்டேட்டுக்கு மேலே காட்டோரத்தில் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு வந்து சவால்விட்டார். “நினக்க முட்டுக்குக் கழிவுண்டெங்கில் கண்டுபிடி. ஞாயிறுதோறும் விளிச்சு சோதிக்கும். கிட்டியாப் பின்ன விளியில்லா.” அதாவது, முழங்காலில் தெம்பிருந்தால் கண்டுபிடி, ஒவ்வொரு ஞாயிறும் போன் போட்டுக் கேட்பேன், கிடைத்துவிட்டால் பிறகு போன் கிடையாது.

அக்கா முதலில் அண்ணனை விசாரித்தார். “எந்தப் பக்கம் ஏறினா? எவ்வளவு நேரம் கழிச்சு வந்தா?” அண்ணன் யோசித்து, அன்றைய பேப்பரில் இருந்த செய்திகளை எல்லாம் வரிசையாகச் சொன்னார். வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை. துணைக்குப் போன பெண்ணோ, சொல்லமாட்டேன் என்று லில்லியிடம் சத்தியம் செய்திருந்தாள்.

எண்கள் கையில் இருந்தன. ஆனால் அந்தக் காட்டில் அடர்ந்த மரத்துக்கடியில் போன் குழம்பிவிடும். இங்கே என்னும், பத்தடி வைத்தால் அங்கே என்னும். லில்லி குறித்த எண்ணும் அதே மரத்துக்கடியில் குறித்ததுதானே! ஆகமொத்தம், பாறையும் வேரும் சருகுமாகக் கால்பந்து மைதானம் அளவுக்கு ஓர் இடம். இரண்டு மணி நேர ஏற்றம் ஏறிப்போய், அங்கே நின்று குனிந்து குனிந்து தேட வேண்டும். தேடினோம். கோடையில் தேடினோம், சாரலில் தேடினோம்.

ஞாயிறு மாலை போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போடுவார். தெருவே கேட்கும்.

“எடீ, கிட்டியோ?”

“இல்லடி, சவமே! எங்க கொண்டு வச்ச நீ?”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடிக்கும். பிறகு ஒரு துப்பு. ஒரு வாரம், ‘மழை நனையாத இடம்’. ஒரு வாரம், ‘ஆனை வராத இடம்’. இதை யானையிடம்தானே கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு வாரம், ‘நின்றால் தெரியாது.’ துப்பு ஒரு நிமிடம்தான். அதன்பின் ஒரு மணி நேரம் பழைய கதை. குவைத் அறையில் சர்க்கரையை யார் தீர்த்தது என்ற வழக்கு மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் வராது, வாரம் முழுக்கத் தான் வாய்திறந்து பேசுவது இந்த ஒரு மணி நேரம்தான் என்று லில்லி ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “குளிருக்கு காலுறை போட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

போன வருடம் மழை முடிந்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏறி முடித்ததும் அக்கா, “முட்டு கழண்டு போச்சு மக்கா, நீ போய் அங்ஙன பாரு,” என்று ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்ச தூரம் போனேன். காலில் அட்டை. அதன்மேல் போடும் உப்புப் பொட்டலம் அக்காவின் பையில். திரும்பி வந்தேன்.

அக்கா குனிந்து பாறைக்கடியில் கைவிட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற பொந்து அது. உள்ளிருந்து ஒரு பழைய பால்பவுடர் டப்பா வந்தது. நான் “அக்கா!” என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா டப்பாவைத் துப்பட்டாவால் துடைத்தார். குவைத்தில் சர்க்கரை போட்டு வைத்த டப்பாவாக இருக்க வேண்டும். மூடியில் அரபி எழுத்து தெரிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியை விரலால் தடவினார். மூடியைத் திறக்கவில்லை. பெயர் எழுதவில்லை. பிறகு பொந்துக்குள் திரும்ப வைத்து, இருந்தபடியே சருகைத் தள்ளி மூடி, கையைத் தட்டிக்கொண்டார்.

நான் இரண்டு மூன்று கிளைகளை வேண்டுமென்றே ஒடித்துச் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தேன்.

“கிட்டுச்சா அக்கா?”

“எங்க கிட்ட! அவ பெருங்கள்ளியாக்கும். எழும்பு, அண்ணன் பேப்பரு படிச்சு முடிச்சிருப்பாவ.”

அன்று மாலை போன் வந்தது. என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எடீ, கிட்டியோ?”

“இல்லடி. நீ ஜெயிச்ச. அடுத்த துப்பு தா.”

சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை போனது. ஜெராக்ஸ் மெஷினைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

டப்பா கையில் கிடைத்த பிறகும் தேடல் நின்றபாடில்லை. மாதம் ஒருமுறை இன்னமும் ஏறுகிறோம். போன தடவை அக்கா அந்தப் பாறைப் பக்கம் வந்ததும் தயங்கி நின்றார். என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நடித்துக்கொண்டே சொன்னேன்:

“இஞ்ச நல்லா பாத்தாச்சு அக்கா. இங்க ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் போவோம்.”

அக்கா என் பக்கம் வந்தார். பிறகு என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

“இப்பம் பரவாயில்ல மக்கா,” என்றார். “உனக்க நாடி கொஞ்சம் தெளிஞ்சிருக்கு.”