காலி செய்த வீட்டுக்கு வாடகை

1. ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன்.
2. அதற்கான ஒப்பந்தத்தை நானே எழுதினேன்.
3. சங்கராந்தியன்று என் சித்தப்பா, வீட்டுக்காரரின் மொட்டைமாடியில் நின்றுகொண்டே வீட்டுக்காரரின் பட்டத்தை அறுத்தார்.
4. அந்தச் சந்தோஷத்தில் எகிறிக் குதித்து, சோலார் ஹீட்டரின் மேல் இறங்கினார்.
5. என்னை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.
6. அதன் பிறகும் வாடகை கட்டினேன்.

இந்த வரிசையில் மிகப் பெரிய முட்டாள்தனம் நான்காவது என்று எங்கள் குடும்பம் நினைக்கிறது. இல்லை, இரண்டாவதுதான்.

நான் மென்பொருள் சோதனை செய்கிறவள். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே ஜெராக்ஸ் கடையில் விற்கும் இரண்டு பக்க ஒப்பந்தம் எனக்குப் போதவில்லை. இணையத்தில் தேடி, எந்த நாட்டுச் சட்டம் என்றுகூடப் பாராமல் வெட்டி ஒட்டி, ஒரு மகா ஒப்பந்தத்தைத் தயாரித்தேன். வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தினால் என்ன, கதவை உடைத்தால் என்ன, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. என் எல்லாச் சோதனைகளிலும் வில்லன் அவர்தான். வில்லி நானாக இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் சோதிக்கவில்லை.

வீட்டுக்காரர் சத்தியநாராயணா அங்கிள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேல்மாடியில் தனியாக இருந்தார். ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்தார். "ரொம்ப பாகுந்தம்மா" என்று தெலுங்கு கலந்த தமிழில் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். (மனிதர் சட்டம் தெரியாதவர் என்று பரிதாபப்பட்டேன்.)

சங்கராந்திக்கு சிகந்திராபாத்திலிருந்தும் மல்லாபூரிலிருந்தும் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து மாடியை நிறைத்தார்கள். சித்தப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பட்டத்திலிருந்து மட்டும் ஓய்வு பெறாதவர். வானத்தில் ஒரு பச்சைப் பட்டம் நிதானமாக மிதந்தது. "விடாதீங்க சித்தப்பா, அறுங்க!" என்று தூண்டியது நான். அறுந்ததும், ஹைதராபாத் வழக்கப்படி "அஃபா!" என்று தெருவே கேட்கக் கத்தியதும் நான்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அங்கிள் அறுந்த நூலோடு எழுந்து வந்தார். அதே நொடியில் கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

ஹீட்டருக்கான செலவு அட்வான்ஸில் கழிந்தது, அது நியாயம். 'மாடியில் வெளியாட்கள் கூட்டம் போட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்' என்பதும் நான் எழுதியதே. பெட்டி கட்டிக்கொண்டு சாவியை நீட்டினேன்.

"வாடகை எப்போ போடுவேம்மா?" என்றார் அங்கிள்.

"நான்தான் போறேனே அங்கிள்?"

"பத்தொன்பதாவது பாயிண்ட் சூடும்மா. நீதான கதா ராசின?" நானே எழுதியதைத்தான் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வாடகைதாரரின் தவறால் வெளியேற்றப்பட்டால், புது ஆள் குடிவரும்வரை, அல்லது ஒப்பந்தக் காலம் முடியும்வரை, வாடகை அவர் பொறுப்பு. காலம் முடிய ஆகஸ்ட் ஆகும். நான் தங்கிய ஹாஸ்டலுக்கு ஒரு வாடகை, பல்லி மட்டும் தங்கிய வீட்டுக்கு ஒரு வாடகை. இரண்டும் போக மிஞ்சும் சம்பளத்தில் பல்லியைப் போலத்தான் நானும் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆகவே, என்னைத் துரத்திய வீட்டுக்கு நானே புரோக்கர் ஆனேன். ஞாயிறுதோறும் ஆள் கூட்டி வந்தேன். "காத்து பிச்சுக்கும். ஓனர் தங்கம்" என்று கூசாமல் சொன்னேன்.

ஒரு புதுமணத் தம்பதிக்கு வீடு பிடித்தேவிட்டது. அந்தப் பெண், "நீங்க ஏன் காலி பண்ணீங்க?" என்றாள்.

"வேலை மாறிடுச்சு."

பின்னாலிருந்து அங்கிள், "லேதம்மா, நான்தான் வெளியே அனுப்பினேன்" என்றார். பொய் அவருக்கு ஆகாது. கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிய அந்தப் பெண், நான் கொலை செய்தவள் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த மாத வாடகையும் போன பிறகு சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "கைக்கு அழறே, ஏன் அழறே? நான் வந்து மன்னிப்புக் கேக்கறேன்" என்று உஸ்மானியா பிஸ்கட்டோடு வந்தார். அங்கிள் பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் விரல்களில் இருந்த நூல் வெட்டுகளைப் பார்த்தார்.

"அந்த மாஞ்சா எங்கே வாங்கினது?"

"வாங்கறதா? நக்கோ சார், வீட்டுல நானே போட்டது."

அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிர்க்கட்டட டாக்டர் வருஷா வருஷம் தன் பட்டத்தை அறுக்கிறார் என்று அவர் முறையிட, சித்தப்பா டாக்டரின் மாடியை எட்டிப் பார்த்து, "காத்து மேற்கால இருந்தா முடிச்சிடலாம்" என்றார். நான் இருப்பதே இருவருக்கும் மறந்துபோனது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மல்லாபூர்தான் சார். ஒரே ஃபாக்டரிப் புகை. சம்சாரத்துக்கு இருமல் நிக்கல, வேற வீடு பாக்கணும்."

விட்டால் கெட்டேன் என்று எழுந்தேன். "சித்தப்பா, சமையலறைக்கு ரெண்டு ஜன்னல். சித்திக்கு போன் போடுங்க. இப்பவே!"

"ஹவ், நல்ல வீடுதான்" என்றார் சித்தப்பா, இத்தனை நாள் பார்க்காதவர் போல.

புது ஒப்பந்தத்துக்கும் என் மகா ஒப்பந்தமே வேண்டும் என்று அங்கிள் பிடிவாதம் பிடித்தார். ஒரே ஒரு பிரிவைத்தான் திருத்தச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன்.

இன்று எங்கள் வீட்டில் யார் எதில் கையெழுத்துப் போட்டாலும், கூரியர்காரர் நீட்டும் சீட்டாக இருந்தாலும், "பத்தொன்பதைப் படிச்சியா?" என்று ஒரு குரல் வரும்.

இப்போதைய நிலைமை: சித்தப்பா அந்த வீட்டின் வாடகைதாரர். என் பாக்கி தீர்ந்துவிட்டது. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால், நான் என் பழைய அறையிலேயே அவர்களுடைய விருந்தாளியாக இருக்கிறேன். புது ஒப்பந்தத்தின்படி மாடிக்கு எல்லோரும் போகலாம், என்னைத் தவிர.